விடுமுறையில் ஒரு மருத்துவ மாணவன்

1883-ம் வருஷம் ஆகஸ்டு மாதம். கோடை விடுமுறை முடியும் தறுவாய். மாஸ்கோவில் ஒரு மருத்துவ மாணவன் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த தன் பத்திரிகாசிரியருக்குக் கடிதம் எழுதுகிறான். இந்தத் தடவை அனுப்பியிருக்கும் சரக்கு மட்டமானது என்று அவனே ஒப்புக்கொள்கிறான். காரணமும் சொல்கிறான். எழுத உட்கார்ந்தால் இலக்கியமல்லாத வேலை எதிரே உட்கார்ந்துகொண்டு மனச்சாட்சியைக் குத்துகிறது. அடுத்த அறையில், விருந்தாக வந்த உறவினரின் கைக்குழந்தை வீரிட்டு அழுகிறது. இன்னொரு அறையில் தகப்பனார் தாயாருக்கு லெஸ்கோவின் கதை ஒன்றை உரக்கப் படித்துக் காட்டுகிறார். யாரோ சங்கீதப் பெட்டிக்குச் சாவி கொடுத்துவிட்டார்கள். அது தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறது. அவனுடைய படுக்கையை அந்த உறவினர் பிடித்துக்கொண்டுவிட்டார். படுத்தவர் தூங்கினாலாவது பரவாயில்லை. எழுந்து எழுந்து வந்து, குழந்தைக்கு வயிற்று வலியாக இருக்குமோ என்று வைத்தியம் பேசுகிறார். கிராமத்துக்கு ஓடிவிடலாம் என்றால் மணி இரவு ஒன்று.

கடிதம் எழுதியவன் அந்தோன் செகாவ். வயது இருபத்து மூன்று. மாஸ்கோ சர்வகலாசாலையில் நாலாம் வருஷம் முடித்து ஐந்தாம் வருஷத்துக்குப் போக இருந்தான்.

இந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டாத செகாவ் வரலாறு இல்லை. இளம் எழுத்தாளர்களுக்கு உபதேசம் செய்கிறவர்களுக்கும் இது ரொம்பப் பிடித்த கடிதம். "பாருங்கள், வீடெல்லாம் சத்தம், அதற்கு நடுவிலேயே அவர் எழுதினார். நீங்கள் தனி அறை இல்லை, மின்விசிறி இல்லை என்கிறீர்களே" என்று முடிப்பார்கள். இது செகாவுக்கும் நியாயமில்லை, உபதேசம் கேட்கிற பையனுக்கும் நியாயமில்லை. செகாவ் அந்தக் கடிதத்தில் சத்தத்தைப் பெருமையாகச் சொல்லவில்லை. சத்தத்தினால் கதை கெட்டுப்போயிற்று என்றுதான் சொல்கிறார். நன்றாக வந்திருக்க வேண்டிய விஷயம் வெளிறிப் போயிற்று என்ற வருத்தம் அதில் இருக்கிறது. கஷ்டத்தில் எழுதினால் நல்ல இலக்கியம் வரும் என்பது வயிறு நிறைந்தவர்கள் கண்டுபிடித்த சித்தாந்தம்.

எனக்கு அந்தக் கடிதத்தில் முக்கியமாகப் படுவது குழந்தையின் அழுகையல்ல, சங்கீதப் பெட்டியுமல்ல. முதலில் சொல்லப்பட்டு, மற்ற வேடிக்கைகளின் சத்தத்தில் அமுங்கிப்போய்விடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. மேஜைக்கு எதிரே உட்கார்ந்து குத்துகிற அந்த வேறு வேலைதான் அது. விடுமுறையிலும் அவரை விடாத வைத்தியப் படிப்பு. அதைப்பற்றித்தான் எழுத உத்தேசம்.

ஒவ்வொரு கோடையிலும், பரீட்சை முடிந்த கையோடு, கதை எழுதுகிற மாணவர்களிடமிருந்து எனக்குச் சில கடிதங்கள் வருகின்றன. இரண்டு கதை பத்திரிகையில் வந்திருக்கும். மூன்றாவது கதையோடு ஒரு கேள்வியும் வரும்: "திரும்பக் காலேஜுக்குப் போகத்தான் வேண்டுமா? அது எழுத்தைக் கொன்றுவிடாதா?" நான் கல்லூரிப் படிப்பை இடையிலேயே நிறுத்தியவன். பணமில்லாமல் நிறுத்தியவன், இலக்கியத்துக்காக அல்ல. ஆகையால் இதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்பதே சந்தேகம். செகாவின் விடுமுறைகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் கேள்வியாவது தெளிவாகும் என்று தோன்றுகிறது.

முதலில் நிலவரம். 1879-ல் தகன்ரோகிலிருந்து மாஸ்கோவுக்கு வந்தபோது, சொந்த ஊர் நகரசபை கொடுத்த உபகாரச் சம்பளம் மாதம் இருபத்தைந்து ரூபிள் அவர் கையில் இருந்தது. தகப்பனார் மளிகைக் கடை வைத்து நொடித்துப் போனவர். கடன்காரர்களுக்குப் பயந்து மாஸ்கோவுக்கு ஓடி வந்திருந்தார். மூத்த சகோதரர்கள் இருவர். அலெக்ஸாந்தர் எழுதுவார், நிக்கொலாய் படம் போடுவார். இருவரும் குடிப்பார்கள். குடும்ப பாரம் மூன்றாவது பிள்ளையின் தோளில் இறங்கியது. 1880-ல் ஹாஸ்யப் பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்தார். 1882 முடிவில் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்த 'ஒஸ்கோல்கி' என்ற வாரப் பத்திரிகை அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெயருக்கு உடைந்த துண்டுகள், சில்லுகள் என்று பொருள். ஆசிரியர் லெய்க்கின். வரிக்கு எட்டு கோபெக். கதை நூறு வரிக்கு மேல் போகக்கூடாது. ஆக, நூறு வரிக் கதைக்கு எட்டு ரூபிள். உபகாரச் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கு.

இந்தக் கணக்கை ஒரு காரணத்துக்காகத்தான் சொல்கிறேன். இப்படிப்பட்ட கணக்கில் விடுமுறை என்பது ஓய்வு அல்ல. பாடம் இல்லாத மாதங்களில் கூடுதலாக எழுதலாம், கூடுதலாக ரூபிள் வரும், அவ்வளவுதான். 1883 ஜூலையிலிருந்து லெய்க்கின் அவர் தலையில் இன்னொரு சுமையும் ஏற்றினார். மாஸ்கோ வம்புகளைப் பற்றி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு பத்தி எழுத வேண்டும். பணக்காரர்கள் கோடையில் கிராமத்துக்குப் போய்விடுவார்கள். ஊர் காலி. காலியான ஊரில் வம்பு தேடி அலைவது ஒரு வேலை!

இனி இரண்டு கோடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1882 கோடை. 'புதில்னிக்' என்ற மாஸ்கோப் பத்திரிகையில் ஜூனிலிருந்து செப்டம்பர்வரை செகாவின் தொடர்கதை ஒன்று வந்தது. 'அவசியமில்லாத வெற்றி' என்று பெயர். அந்தக் காலத்தில் ருஷ்யாவில் மோருஸ் யோக்காய் என்ற ஹங்கேரிய நாவலாசிரியருக்கு ஏகப்பட்ட வாசகர்கள். அவரைப்போல் எழுதி வாசகர்களை நம்ப வைக்க முடியும் என்று பத்திரிகாசிரியரிடம் செகாவ் பந்தயம் கட்டினார் என்றும், பந்தயத்தின் விளைவுதான் இந்தக் கதை என்றும் அவரை அறிந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சீமான்கள், சீமாட்டிகள், தெருவில் பாடிப் பிழைக்கும் பெண், அவளுக்கு ஏற்படும் அவமானம், பழிவாங்கும் வெறி என்று எல்லாம் இருக்கின்றன. கதை ஓடுகிறது. மூச்சு விடாமல் ஓடுகிறது. ஹங்கேரியைக் கண்ணால் பார்க்காத ஒருவர் ஹங்கேரியைப்பற்றி எழுதியது என்று ஒரு வரியிலும் தெரியாது. வாசகர்கள் நம்பினார்கள். பந்தயம் ஜெயித்தது.

இது சாமர்த்தியம். சாமான்யமான சாமர்த்தியமுமல்ல. இருபத்திரண்டு வயதில், பிறர் குரலை இவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ளக்கூடியவனுக்கு முன்னால் ஒரு வளமான பாதை திறந்து கிடக்கிறது. வாராவாரம் ஒரு குரல் எடுத்துக்கொண்டு பேசலாம். நம் பத்திரிகைகளிலும் அந்தப் பாதையில் சௌகரியமாக நடந்து போனவர்களை நமக்குத் தெரியும். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

1883 கோடை. ஜூலை மாதம் 'ஒஸ்கோல்கி'யில் 'குமாஸ்தாவின் மரணம்' வந்தது. மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் மூலம் மலிவு விலையில் நமக்கு வந்த தமிழ்ப் புத்தகங்களின் புண்ணியத்தில் செகாவ் இங்கே அந்நியரல்ல. கதை வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். செர்வியாக்கோவ் என்ற சில்லறை உத்தியோகஸ்தன் நாடகக் கொட்டகையில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து பரம சந்தோஷமாக இசை நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறான். தும்மல் வருகிறது. தும்முகிறான். முன் வரிசையிலிருக்கும் கிழவர் வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொள்கிறார். அவர் ஒரு ஜெனரல், வேறு இலாகாவைச் சேர்ந்தவர். இவன் மன்னிப்புக் கேட்கிறான். பரவாயில்லை என்கிறார். இடைவேளையில் மறுபடி கேட்கிறான். மறுநாள் அவர் ஆபீசுக்குப் போய்க் கேட்கிறான். அதற்கடுத்த நாளும் போகிறான். கடைசியில் ஜெனரல் கத்தி வெளியே துரத்துகிறார். வீட்டுக்கு வந்து, உத்தியோக உடுப்பைக்கூடக் கழற்றாமல் படுக்கிறான். செத்துப்போகிறான்.

கதையின் பாதி நகைச்சுவை, ஜெனரல் உண்மையிலேயே மன்னித்துவிட்டார் என்பதில் இருக்கிறது. கொடுமைக்காரன் யாரும் இல்லை. கோகோலின் மேலங்கிக் குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். அவனைச் சுற்றியிருந்தவர்கள் கேலி செய்தார்கள், பெரிய மனிதர் ஒருவர் மிரட்டினார். அவனுக்காக நாம் கண்ணீர் விட கோகோல் இடம் வைத்திருந்தார். செகாவ் இடம் வைக்கவில்லை. இவனை யாரும் மிரட்டவில்லை. இவனே தன்னை மிரட்டச் சொல்லி வீடு வீடாகப் போகிறான் என்றுகூடச் சொல்லலாம். ஜெனரல் கத்தும்வரை இவனுக்கு நிம்மதியில்லை. கத்தினதும் வயிற்றுக்குள் ஏதோ அறுந்தாற்போல் ஆகிறது.

வயிற்றுக்குள் ஏதோ அறுந்தது என்று எழுதினவன் நாலு வருஷம் வைத்தியம் படித்தவன் என்பதை மறந்துவிடக்கூடாது. வயிற்றில் என்னென்ன இருக்கிறது, எது அறுந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மனிதன் இப்படிச் சாகமாட்டான் என்றும் தெரியும். தெரிந்தவன்தான் 'ஏதோ' என்று எழுதுகிறான். வியாதிக்குப் பெயர் வைக்காமல் விட்டுவிடுகிறான். சாவுக்கு ஒரு வார்த்தை, முற்றுப்புள்ளி, தீர்ந்தது. பிரேதத்தைப் பார்த்துப் பழகினவனுடைய கை அது. வெறும் ஹாஸ்ய எழுத்தாளன் அந்தக் கடைசி வார்த்தையை நாலு வரியாக இழுத்துச் சிரிக்க வைத்திருப்பான், அல்லது அழ வைத்திருப்பான்.

அதே கோடையில், ஆகஸ்டு மாதம், 'ஆல்பியனின் மகள்' வந்தது. இதில் எனக்கு அபிப்பிராய பேதம் உண்டு என்பதால் சற்று அதிகமாகவே பேசுகிறேன். கிரியாபோவ் என்ற பருத்த ஜமீன்தார் ஆற்றங்கரையில் மீன் பிடிக்கிறார். பக்கத்தில் அவர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஆங்கிலேய மாது, அவளும் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறாள். பத்து வருஷமாக ருஷ்யாவில் இருக்கிறாள், ஒரு ருஷ்ய வார்த்தை கற்றுக்கொள்ளவில்லை என்று அவள் முன்னாலேயே அவளைத் திட்டுகிறார். அவளுக்குப் புரியாது. பார்க்க வந்த சிநேகிதர் கூசுகிறார். ஜமீன்தாரின் தூண்டில் முள் கல்லில் மாட்டிக்கொள்கிறது. தண்ணீரில் இறங்க வேண்டும். அவளைப் போகச் சொல்லி ஜாடை காட்டுகிறார். அவள் அசையவில்லை. கடைசியில் அவள் எதிரிலேயே ஆடைகளைக் கழற்றிவிட்டு இறங்குகிறார். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தூண்டிலில் புழுவை மாற்றிப் போடுகிறாள்.

இந்தக் கதையைச் சிலர், ருஷ்ய ஜமீன்தாரின் காட்டுமிராண்டித்தனத்தைக் காட்டும் கதை என்பார்கள். வேறு சிலர், ஆங்கிலேயரின் கர்வத்தைக் கிண்டல் செய்யும் கதை என்பார்கள். இரண்டையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்களை அவள் மனிதர்களாகவே நினைக்கவில்லை என்று கிரியாபோவ் ஓரிடத்தில் குமுறுகிறார். அது உண்மை. அவரும் அவளை மனிதப் பிறவியாக நினைக்கவில்லை. அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளும் ஆற்றங்கரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மீன் பிடிக்கின்றன. எழுதினவன் இரண்டில் எதற்கும் பரிந்து பேசவில்லை. வாசகன் முதலில் ஜமீன்தாரோடு சேர்ந்து சிரிக்கிறான், பிறகு அவரைப் பார்த்துச் சிரிக்கிறான், அதற்கும் பிறகு யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் விழிக்கிறான். நிர்வாணமான ஒரு மனிதன் இவ்வளவு சாதாரணமாக நூறு வரிக்குள் வந்து நிற்பதற்கும், ஆஸ்பத்திரியில் உடம்புகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். வெட்கம் ஜமீன்தாருடையது, சிநேகிதருடையது, நம்முடையது. எழுதுகிறவனுக்கு இல்லை.

போன கோடைக்கும் இந்தக் கோடைக்கும் இடையில் நடந்தது என்ன? நூறு வரி என்ற கட்டு ஒரு காரணம் என்பார்கள். ஒரு அளவுக்குச் சரி. நீளமாக எழுத இடமிருந்தால் யோக்காய் வந்து உட்கார்ந்துகொள்வார். நூறு வரியில் சீமாட்டிகளுக்கு இடமில்லை. அதே பத்திரிகையில் அதே நூறு வரியில் இன்னும் எத்தனையோ பேர் எழுதினார்கள். அவர்கள் பெயர் ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். லெய்க்கினே நூற்றுக்கணக்கில் எழுதியவர். ஆகையால் கட்டு மட்டும் போதாது. அதோடு, செகாவ் அந்தக் கட்டுக்குள் முரண்டு பிடித்தார் என்பதும் தெரிகிறது. அந்த வருஷம் ஏப்ரலில் அவர் அனுப்பிய இரண்டு கதைகள் தம் பத்திரிகைக்குச் சற்று கனமாக இருக்கின்றன என்று லெய்க்கின் முணுமுணுத்தார். சிறியதாகவும் லேசாகவும் இருந்தால் சிரிப்பு இல்லாத கதையையும் வாசகன் ஏற்றுக்கொள்வான் என்று செகாவ் பதில் எழுதினார். இருபத்து மூன்று வயசு மாணவன் தனக்குப் படி அளக்கிற பத்திரிகாசிரியருக்கு எழுதிய பதில்!

அந்தத் தைரியத்துக்கு ஒரு ஆதாரம் இருந்தது. மாஸ்கோவுக்கு மேற்கே வொஸ்க்ரெஸென்ஸ்க் என்று ஒரு சிற்றூர். இன்று அதற்கு இஸ்த்ரா என்று பெயர். அங்கே செகாவின் தம்பி இவான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். பள்ளிக்கூடத்தார் கொடுத்திருந்த வீடு விசாலமானது. ஆகவே கோடை வந்தால் குடும்பம் அங்கே போய்விடும். ஊருக்குக் கொஞ்ச தூரத்தில் சிக்கினோ என்ற இடத்தில் நம்முடைய பழைய ஜில்லா போர்டு ஆஸ்பத்திரி மாதிரி ஓர் ஆஸ்பத்திரி. ஆர்க்காங்கெல்ஸ்கி என்ற நல்ல டாக்டர் அதை நடத்தினார். மாஸ்கோ மருத்துவ மாணவர்கள் விடுமுறையில் அங்கே வந்து வேலை பழகுவார்கள். செகாவும் பழகினார். குடியானவர்கள் வரிசையில் நிற்பார்கள். பல்வலி, சிரங்கு, வயிற்றுப்போக்கு, கோடரி பட்ட காயம். ஒவ்வொருவனும் தன் வியாதியைச் சொல்கிற விதம் ஒன்று, வியாதி ஒன்று. கேட்கிறவன் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கதை எழுதுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எது என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் செகாவ் அங்கே கதைக்கு விஷயம் தேடிப் போகவில்லை. இந்த வித்தியாசத்தை நம்மவர்கள் கவனிப்பதில்லை. 'அனுபவம் சேகரிக்க'ப் போகிற எழுத்தாளன் பல்வலிக்காரனைப் பார்த்தால் அவனுக்குக் கதை தெரிகிறது. வைத்தியம் பழகப் போகிறவனுக்குப் பல் தெரிகிறது. பல்லைப் பிடுங்க வேண்டிய பொறுப்பு அவனுக்கு இருக்கிறது. கதை எப்போதோ, எங்கேயோ, தானாக வருகிறது. சிக்கினோவில் பார்த்தது, 1884 ஆகஸ்டில்தான், பட்டம் வாங்கிய பிறகு, 'சத்திர சிகிச்சை' என்ற கதையாக வந்தது. டாக்டர் கல்யாணம் செய்துகொள்ளப் போய்விட்டார். கம்பவுண்டர் போன்ற உதவி வைத்தியன் கோயில் ஊழியன் ஒருவனுக்குப் பல் பிடுங்குகிறான். இழுக்கிறான், நழுவுகிறது, உடைகிறது. இருவரும் ஒருவரையொருவர் வைகிறார்கள். வயிறு குலுங்கச் சிரிக்கலாம். ஆனால் அந்த இடுக்கி பல்லில் எப்படிப் பற்றுகிறது, எங்கே வழுக்குகிறது என்பதெல்லாம் சரியாக இருக்கும். இடுக்கியைக் கையில் பிடித்தவன் எழுதியது.

வைத்தியத்தை மனைவி என்றும் இலக்கியத்தை ஆசைநாயகி என்றும் அவர் பின்னால் ஒரு கடிதத்தில் சொன்னதை எல்லோரும் ரசிக்கிறார்கள். எனக்கு அது அவ்வளவாக ரசிக்கவில்லை. கெட்டிக்காரத்தனமான வார்த்தை, அவ்வளவுதான். அதைவிட, 1899-ல் பழைய வகுப்புத் தோழர்களுக்காகத் தன்னைப்பற்றி எழுதிய சிறு குறிப்பில், மருத்துவப் படிப்பு தன் எழுத்தைப் பெரிய அளவில் பாதித்தது, பார்வையை விரிவாக்கியது என்று நிதானமாகச் சொல்கிறாரே, அதுதான் விஷயம். விஞ்ஞானத்துக்கு விரோதமாக எழுதாமல் பார்த்துக்கொண்டதாகவும், முடியாத இடத்தில் எழுதாமலே இருந்துவிட்டதாகவும் அதில் சொல்கிறார். அலங்காரமில்லாத பேச்சு.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். எழ வேண்டியதுதான். படிப்பு இப்படி உதவுமானால் அண்ணன் அலெக்ஸாந்தருக்கு ஏன் உதவவில்லை? அவரும் மாஸ்கோ சர்வகலாசாலையில் படித்தவர், 1882-ல் பட்டமும் வாங்கினார். தம்பியை ஹாஸ்யப் பத்திரிகைகளுக்கு வழிகாட்டி அழைத்துப் போனவரே அவர்தான். அறிவிலும் பாஷையிலும் தம்பிக்குக் குறைந்தவரல்ல. பட்டம் வாங்கிச் சுங்க இலாகாவில் சேர்ந்தார், எழுதினார், குடித்தார், கடைசிவரை எழுதினார். படிக்கத்தக்க கதைகள்தான். ஆனால் இன்று செகாவின் அண்ணன் என்றுதான் அவரைத் தெரியும். ஓவியர் நிக்கொலாய் சித்திரப் பள்ளியை முடிக்கவே இல்லை. 1889-ல் க்ஷயரோகத்தில் இறந்துபோனார். ஒருவர் படிப்பை முடித்தார், ஒருவர் முடிக்கவில்லை. இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே கதி. ஆகையால் பட்டம் எழுத்தாளனை உண்டாக்கும் என்று யாராவது சொன்னால் அலெக்ஸாந்தர் செகாவைக் காட்டி அவர்கள் வாயை அடைத்துவிடலாம்.

நான் சொல்வது பட்டத்தைப் பற்றியல்ல. அலெக்ஸாந்தருக்கு அவர் படித்த விஞ்ஞானம் முதுகைக் குத்தவில்லை. பரீட்சையோடு அது அவரை விட்டுப் போய்விட்டது. அந்தோனுக்கு அவர் படிப்பு நடுநிசி ஒரு மணிக்கு மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. எட்டு ரூபிளுக்காக எழுதும்போதே, எட்டு ரூபிளுக்கும் லெய்க்கினுக்கும் அப்பாற்பட்ட ஏதோ ஒன்றுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வாசகன் சிரித்தால் போதும் என்று அவரால் இருக்க முடியாமல் போனதற்கு இது ஒரு காரணம். லெய்க்கினுக்குப் பதில் எழுதும் தைரியம் இங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். கதையைத் திருப்பி அனுப்பினால் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்தான். ஆனால் அடுத்த வருஷம் அவர் டாக்டர். கதை ஒன்றே ஜீவனம் என்று ஆகிவிட்டவனுக்கு அந்தப் பதிலை எழுத இன்னும் அதிகத் துணிச்சல் வேண்டும். அத்தகைய துணிச்சல் உள்ளவர்களும் இருந்திருக்கிறார்கள். தமிழிலும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் பட்டபாடு தெரிந்தவர்கள் அதைப் பிறருக்குச் சிபாரிசு செய்யத் தயங்குவார்கள்.

விடுமுறை முடிந்து செகாவ் காலேஜுக்குத் திரும்பினார். ஐந்தாம் வருஷம், பரீட்சைகள், ஆஸ்பத்திரி வார்டுகள். திரும்பின சில வாரங்களில், அக்டோபர் முதல் தேதி, 'பருத்தவனும் மெலிந்தவனும்' வெளிவந்தது. ரயில்வே ஸ்டேஷனில் இரண்டு பால்ய சிநேகிதர்கள் சந்திக்கிறார்கள். ஒருவரிடம் உயர்ந்த மதுவும் வாசனைத் திரவியமும் மணக்கின்றன. மற்றவரிடம் பன்றி இறைச்சியும் காப்பிச் சக்கையும். கட்டித் தழுவுகிறார்கள், கண்ணீர் விடுகிறார்கள். பருத்தவன் எவ்வளவு பெரிய பதவியில் இருக்கிறான் என்று தெரிந்ததும் மெலிந்தவன் சுருங்கிக் குனிகிறான். அவனோடு அவன் பெட்டிகளும் மூட்டைகளும்கூடச் சுருங்குகின்றன.

நமக்குத் தெரிந்த கதை இது. ஆனால் 1883-ல் அச்சான கதை இது அல்ல. முதலில் வந்த கதையில் பருத்தவன், மெலிந்தவனுக்கு நேர் மேலதிகாரி. அது தெரிந்ததும் இவன் நடுங்குகிறான். நடுங்கக் காரணம் இருக்கிறது. வேலை போய்விடுமே! நல்ல ஹாஸ்யத் துணுக்கு. 1886-ல் 'பலவண்ணக் கதைகள்' என்ற தொகுதிக்காகத் திருத்தியபோது செகாவ் அந்த உத்தியோக சம்பந்தத்தை எடுத்துவிட்டார். இப்போது பருத்தவன் இவனை ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் விரும்பவில்லை. பழைய சிநேகிதனாகவே பேசச் சொல்கிறான். ஆனாலும் மெலிந்தவன் குனிகிறான். பருத்தவனுக்குக் குமட்டுகிறது. காரணத்தை எடுத்தவுடன் கதை பத்து மடங்கு பெரிதாகிவிட்டது. 'குமாஸ்தாவின் மரண'த்தில் அவசரத்திலேயே கைகூடிய ஒன்று, இதில் மூன்று வருஷம் கழித்து, நிதானமாக உட்கார்ந்தபோதுதான் கைகூடியது. அவசரத்தைப் புகழ்கிறவர்கள் இந்த இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த 1886-ல்தான் முதிய எழுத்தாளர் கிரிகொரோவிச் அவருக்குக் கடிதம் எழுதி, திறமையை இப்படி அவசரத்தில் வீணாக்காதே என்று கண்டித்தார். எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவழித்ததாக நினைவில்லை என்று செகாவ் ஒப்புக்கொண்டு பதில் எழுதினார்.

1899-ல், மார்க்ஸ் என்ற பிரசுரகர்த்தர் செகாவின் எழுத்துக்களை எல்லாம் தொகுத்து வெளியிட முன்வந்தபோது, பழைய பத்திரிகைகளைத் தேடிப் பிடித்து, தாம் எழுதியதை எல்லாம் செகாவ் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று. உடம்பு சரியில்லை, யால்டாவில் இருந்தார். எத்தனையோ கதைகளை ஒதுக்கித் தள்ளினார். 1882 கோடையில் நாலு மாதம் ஓடி, பந்தயம் ஜெயித்த அந்த ஹங்கேரியத் தொடர்கதை தொகுதியில் சேரவில்லை. 1883 கோடையிலிருந்து தும்மினவனும், தூண்டில் போட்டவளும் சேர்ந்தார்கள்.